துரைக்கு எதிர் நாற்காலி

தல்லாகுளத்தில் மதாம் கிளேர் நடத்திய சாப்பாட்டுக் கடைக்கு வெளியே பலகை கிடையாது. ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து காய்ச்சலில் இறந்துபோன புருஷன் விட்டுச்சென்ற பங்களா அது. முன்கூடத்தில் நாலே நாலு மேசை. மில் மானேஜர்களும், ரயில்வே துரைமார்களும், கொடைக்கானல் ஏறுகிற வழியில் மதுரையில் தங்குகிற வெள்ளைக்காரர்களும் முந்தின நாளே ஆள் விட்டுச் சொல்லி இடம் பிடிப்பார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் யாருக்கும் குரல் தானாகத் தணிந்துவிடும். அவ்வளவு சின்னக் கூடம்.

மதாமுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு பண்டத்துக்கும் அதற்கேற்ற வைன். ஒவ்வொரு வைனுக்கும் அதற்கென்று ஒரு கிளாஸ். மீனோடு வெள்ளை, கறியோடு சிவப்பு, கடைசி இனிப்போடு தேன் நிறத்தில் ஒன்று. யாராவது மாற்றிக் கேட்டால், எவ்வளவு பெரிய துரையானாலும், "அந்த வழக்கம் என் வீட்டில் இல்லை" என்று சொல்லிவிடுவாள். புட்டிகள் புதுச்சேரியிலிருந்து வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் ரயிலேறி வந்தன. அவற்றைத் திறந்து, விரிப்பில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுகிறவன் நல்லகாமன்.

நல்லகாமனுக்கு ஊர் மதுரைக்கு மேற்கே, சமணர் மலையடியில் கீழக்குயில்குடி. அந்தப் பக்கத்து ஆம்பிளைகளின் பெயர்களெல்லாம் ரேகைச் சட்டத்தில் ஏறியிருந்த காலம் அது. திருடினவன், திருடாதவன் என்ற பேதம் அந்தச் சட்டத்துக்கு இல்லை; பிறந்த குலமே போதும். வயதுக்கு வந்தவன் பத்து விரல் ரேகையையும் மையில் ஒற்றிக் கொடுக்க வேண்டும். பொழுது விழும்போது ஊர்ச் சாவடிக்கு வந்து, ஏட்டு பெயர் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். விடிகிற வரைக்கும் அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். வராதவனுக்கு ஜெயில்.

சட்டம் வந்த புதிதில் நல்லகாமன் இளவட்டம். ரேகை கொடுக்க மனம் ஒப்பாமல் புதுச்சேரிக்கு ஓடினான். அது பிரெஞ்சுக்காரன் சீமை. இந்தப் பக்கத்துப் போலீஸ் அங்கே நுழைய முடியாது. அப்போது ஐரோப்பாவில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு சர்க்கார் ஆள் எடுத்தது. கப்பலேறிப் போனான். அவன் கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில், காயம்பட்ட சிப்பாய்களைக் கிடத்தியிருந்த ஆஸ்பத்திரியில் வேலை. பாத்திரம் கழுவினான், கஞ்சி காய்ச்சினான், கை இல்லாதவனுக்கும் கண் இல்லாதவனுக்கும் ஊட்டினான். பாஷை நாக்கில் ஏறியது. சண்டை முடிந்த பிறகு அங்கேயே இருந்திருக்கலாம். ஊரில் அவன் மனசில் வைத்திருந்த செல்லத்தாய்க்கு வேறு இடத்தில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று காதில் விழவும் பொறுக்காமல் ஊர் திரும்பினான். அவளுக்குத் தாலி கட்டின மறு வாரம் ஏட்டு வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து அவன் பொழுது சாய்ந்தால் சாவடியில், அவள் வீட்டில்.

மதாமிடம் அவன் இதையெல்லாம் சொல்லவில்லை. வெள்ளிக் கரண்டி வைத்திருக்கிற வீட்டில் உண்மையைச் சொல்லி யார் வேலை வாங்க முடியும்? ஊர் திருமங்கலம் பக்கம் என்றான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் நிற்பேன், ராத்திரிக்கு முடியாது, சம்சாரம் தனியாக இருக்கப் பயப்படுவாள் என்றான். மதாம் சிரித்துக்கொண்டே சரி சொன்னாள். மேற்கு ஜன்னல் வெயில் கூடத்துக்குள் கால் வைக்கிறபோது அவன் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்புவான். வைகை மணலில் இறங்கி ஏறி, நாகமலை ஓரமாக எட்டிப் போட்டு நடந்தால், மாடுகள் ஊருக்குள் திரும்பும்போது அவனும் திரும்பிவிடலாம்.

கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமை அது. பொழுது சீக்கிரம் சாய்கிற காலம். அன்றைக்கு ஒரே ஒரு மேசைதான். வில்மாட் துரை ஒரு விருந்தாளியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வில்மாட் போலீஸ் துரை. மேற்கத்திக் கிராமங்களின் ரேகைச் சட்டம் அவர் கையில் இருந்தது. நல்லகாமன் அவருக்கு முன்பும் பரிமாறியிருக்கிறான். பரிமாறுகிறவன் முகத்தை அவர் பார்த்ததில்லை. அவனுக்கும் அதுவே சௌகரியம்.

கொடைக்கானல் மலைப்பாதையில் டயர் வெடித்து, கார் வந்து சேரும்போது உச்சி நன்றாகத் திரும்பிவிட்டது. விருந்தாளி ஒரு பிரெஞ்சுக்காரர். முசே கஸ்தோன் என்று பெயர். பஞ்சு வாங்க வந்தவர். ஐம்பதை நெருங்கிய வயது, கண்ணைச் சுற்றிலும் பழைய தழும்பு. அவருக்கு இங்கிலீஷ் வராது. துரைக்குப் பிரெஞ்சு வராது. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்தே மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள்.

சூப் முடிந்தது. பாம்பன் ரயிலில் வந்த மீனை மதாம் கொண்டுவந்து வைத்தாள். நல்லகாமன் முசேயின் வலப்புறம் நின்று வெள்ளை வைனை ஊற்றி, வழக்கம்போல அதன் பெயரைப் பிரெஞ்சில் சொன்னான்.

முசேயின் முள்கரண்டி அப்படியே நின்றது.

"இன்னொரு தடவை சொல்."

சொன்னான்.

முசே கண்ணை மூடிக்கொண்டார். "வேறு ஏதாவது பேசு. எதுவானாலும் சரி."

"மீன் ஆறிப்போகும், முசே."

மூடின கண்ணோடு அவர் உதடு குழந்தை மாதிரி கோணியது. பிறகு தமிழில், பல்லில் மாட்டி மாட்டி, இரண்டு சொல் வந்தது. "ஒரு... வாய்?"

அது நல்லகாமன் சொன்ன சொல். ஆஸ்பத்திரியில், கண்ணிரண்டும் கட்டுப் போட்டு, கைகள் வெந்து, சாகத்தான் போகிறேன் சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்த ஒரு வாலிபன். பிரெஞ்சு சரியாக வராத நாட்களில், "ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று தமிழிலேயே கெஞ்சிக் கெஞ்சி அவனுக்கு ஊட்டினது ஒரு மழைக்காலம் முழுவதும். கட்டு அவிழ்க்கிறதுக்கு முன்னாலேயே அவனை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவன் நல்லகாமன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"நீங்களா?" என்றான்.

முசே எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கையிலிருந்த புட்டி இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மதாம் ஓடி வந்து அதை வாங்கிக்கொண்டாள். துரை ஒன்றும் புரியாமல் பார்த்தார். மதாம் விஷயத்தை இங்கிலீஷில் சொன்னதும், அவருக்கும் முகம் மலர்ந்தது. முசே தன் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்கார். அன்றைக்கு நீ எனக்கு ஊட்டினாய். இன்றைக்கு என்னோடு நீ சாப்பிட வேண்டும். கடைசிப் பண்டம் வரைக்கும்."

"முசே, நான் இங்கே வேலைக்காரன்."

"உட்கார் என்றால் உட்கார்."

மதாம் தயங்கினாள். துரையின் முகத்தைப் பார்த்தாள். துரை கையை ஆட்டி, பரீட்சைக்குப் படித்த தமிழில், "நீ உட்காரலாம். எங்கள் பேச்சை நீ மொழிபெயர்க்கவும் உதவியாக இருக்கும்" என்றார்.

நாற்காலி துரைக்கு நேர் எதிரில் இருந்தது. நல்லகாமன் அதன் விளிம்பில் உட்கார்ந்தான். பின்னால் சுவர், இடப்புறம் முசே, வலப்புறம் பாத்திர அலமாரி. எழுந்து போவதென்றால் யாராவது ஒருத்தர் நாற்காலியை நகர்த்தி வழி விட வேண்டும்.

சமையல்கட்டுச் செல்லக்கிளி அடுத்த தட்டைக் கொண்டுவந்தவள் அவனைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டாள். மதாமே நின்று பரிமாறினாள். அவன் தினமும் எடுத்து அடுக்குகிற கிளாஸ்கள் இப்போது அவன் முன்னால் வரிசையாக நின்றன. வெள்ளை வைனை ஒரு மிடறு குடித்தான். முசே தட்டிக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கதையை அவர் சொல்ல, அதை அவன் துரைக்குத் தமிழில் சொல்ல, துரை பதிலுக்கு ஒன்று சொல்ல, அதை அவன் பிரெஞ்சில் திருப்ப, காடைக்கறி வந்தது. இளஞ்சிவப்பாக அதற்கொரு வைன் வந்தது. முசே ஒவ்வொரு கிளாஸையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அது எந்த மலைச்சரிவில் விளைந்தது என்று விளக்கினார். அவசரமில்லாத மனிதர். அவர் தூக்கிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் நல்லகாமன் கண்ணில் பட்டது வைன் அல்ல. அதன் வழியாகத் தெரிந்த மேற்கு ஜன்னல். வெயில் கூடத்துக்குள் கால் வைத்து, தரையில் பாதி தூரம் நடந்து வந்துவிட்டது.

"நீ எந்த ஊர்?" என்று துரை திடீரென்று கேட்டார்.

"திருமங்கலம் பக்கமுங்க, தொரை."

"நல்ல ஜனங்கள்" என்றார் துரை.

செல்லக்கிளி எச்சில் தட்டை எடுக்க வந்தாள். அவள் சூதுவாது தெரியாதவள். "என்னண்ணே, வெயிலு அம்புட்டுத் தூரம் வந்துருச்சு, இன்னும் கெளம்பலையா? தெனம் இந்நேரம் பறப்பியே" என்றாள், துரை காதுபட.

துரை நிமிர்ந்தார். "எங்கே போக வேண்டும்?"

"வீட்டுக்குத்தாங்க. பொஞ்சாதிக்கு மேலுக்குச் சொகமில்ல."

சொன்ன வாய் மூடுவதற்குள் முசே, என்ன பேச்சு என்று கேட்டார். அவன் சொல்ல வேண்டியதாயிற்று. "இவ்வளவுதானா? கார் இருக்கிறது, கொண்டுபோய் விடுகிறோம். உன் மனைவியையும் நான் பார்க்க வேண்டும்" என்றார் முசே. கார் திருமங்கலம் போவதா, கீழக்குயில்குடி போவதா? "வேண்டாம், முசே. அவளுக்கு ஒன்றும் பெரிய நோவு இல்லை" என்றான். அப்படிச் சொன்ன பிறகு, கிளம்புவதற்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது.

ஆட்டுக்கறி வந்தது. கறுத்த சிவப்பில் வைன் வந்தது. ஊற்றிவிட்டு மதாம் சமையல்கட்டுக்குள் போனாள். துரை இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"நான் இந்த ஜில்லாவில் என்ன வேலை செய்கிறேன் என்று இவருக்குச் சொல். மேற்கே சில கிராமங்கள் இருக்கின்றன. அங்கே பிறக்கிற ஆண்கள் எல்லாரும் திருடர்கள். தச்சன் மகன் தச்சன் ஆகிறது போலத் திருடன் மகன் திருடன் ஆகிறான். சொல்."

நல்லகாமன் சொன்னான். அவன் அப்பன் ஒரு காணி நிலத்தில் சோளம் விதைத்து, மழை இல்லாமல் அதையும் விட்டு, கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தே முதுகு வளைந்து செத்தவன். அந்த அப்பனைத் திருடன் என்று தன் வாயாலேயே, இலக்கணம் பிசகாத பிரெஞ்சில், கறித்தட்டுக்கு மேலே சொன்னான்.

"இருட்டிவிட்டால் அத்தனை பேரையும் ஓரிடத்தில் கொண்டுவந்து படுக்கவைக்கிறேன். வராதவன் சிறைக்குப் போகிறான். இப்போது மதுரை ஜனங்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சொல்."

அதையும் சொன்னான்.

முசே கறியை மென்றுகொண்டே கேட்டார்: "அப்படியானால் அவர்களுடைய மனைவிமார்?"

"சம்சாரமெல்லாம் என்ன செய்வாங்கன்னு கேக்குறாரு, தொரை."

"அவர்களும் தூங்குகிறார்கள். தனியாக" என்று சொல்லி துரை பலமாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எப்படி மொழிபெயர்ப்பது என்று நல்லகாமனுக்குத் தெரியவில்லை. "தூங்குகிறார்கள்" என்று மட்டும் சொன்னான். முசே சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். "நீ இந்த நாட்டுக்காரன். உனக்கு இது நியாயமாகப் படுகிறதா?"

"என்ன கேட்கிறார்?" என்றார் துரை.

"கறி பிடிச்சிருக்கான்னு என்னயக் கேக்குறாரு, தொரை."

"நன்றாக இருக்கிறது என்று சொல். நானும் அதே அபிப்பிராயம் என்று சொல்."

வெயில் இப்போது மேசை விரிப்பில் ஏறி, கிளாஸ்களின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்நேரம் அவன் வைகையைத் தாண்டியிருக்க வேண்டும். இப்போது எழுந்து ஓடினால்கூட, உயிரைக் கொடுத்து ஓடினால்கூட, ஒருவேளை சேரலாம். நல்லகாமன் தட்டிலிருந்த கறியைக் காட்டி, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு, பிரெஞ்சில் பேசினான்.

"முசே, நான் சொல்வதை முகம் மாறாமல் கேளுங்கள். கறியைப் பற்றிப் பேசுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கிராமங்களில் ஒன்றில்தான் நான் பிறந்தேன். பொழுது விழும்போது நான் அங்கே இல்லாவிட்டால் என்னைச் சிறையில் போடுவார்கள். மதாமுக்கு இது தெரியாது. இவருக்கும் தெரியாது. ஏதாவது சாக்குச் சொல்லி என்னை எழுந்து போக விடுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்."

முசே நல்ல மனிதர். நல்ல மனிதருக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. கழுத்திலிருந்து நெற்றி வரைக்கும் சிவந்தது. மேசையில் கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

"முசே, வேண்டாம்."

"விடு. என் உயிரைக் காப்பாற்றினவனை இவர்கள் மாடு மாதிரிப் பட்டியில் அடைக்கிறதா? மதாம்! இங்கே வாருங்கள். நான் சொல்வதை அப்படியே இவருக்கு இங்கிலீஷில் சொல்லுங்கள்."

நல்லகாமனும் எழுந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். பலனில்லை. முசே பேசினார். மதாம் கேட்கக் கேட்க, அவள் பார்வை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அலமாரியிலிருந்த கரண்டிகள் பக்கம் போய்வந்தது. பிறகு அவள் இங்கிலீஷில் சொன்னாள்.

துரை வாயைத் துணியால் ஒற்றிக்கொண்டு, முதல் தடவையாக நல்லகாமனின் முகத்தைப் பார்த்தார்.

"உன் ஊர் எது? இப்போது பொய் சொல்லாதே."

"கீழக்குயில்குடிங்க, தொரை."

"என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய்."

"நீங்கதான் உக்காரச் சொன்னீங்க, தொரை."

முசே இன்னும் நின்றுகொண்டிருந்தார். விருந்தாளி முன்னால் தன் விருந்து கெட்டுப்போவதைத் துரை விரும்பவில்லை. மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தன் பெருந்தன்மை தனக்கே பிடித்துப்போன சிரிப்பு. "இவர் உட்காரட்டும். நீயும் உட்கார். அந்தச் சாவடிக் கணக்கெடுப்பு என்னுடைய உத்தரவு. நான் நினைத்தால் உனக்கு விலக்குக் கொடுக்க முடியும். கொடுத்துவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் நானே உன்னைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன்."

"இல்லீங்க தொரை, நான் நடந்தே..."

"உட்கார்."

இந்தத் தடவை அது உத்தரவு. நல்லகாமன் உட்கார்ந்தான். பாலாடைக்கட்டி வந்தது, அதற்கொரு வைன். பிறகு இனிப்பு, அந்தத் தேன் நிறத்து வைனோடு. முசே வெற்றி பெற்றவராக அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். அடுத்து காப்பி, அதன் பின்னால் பிராந்தி. அவன் எல்லாவற்றையும் வாயில் வைத்தான், விழுங்கினான். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கார் நாகமலையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது சூரியன் விழுந்து செம்மை மட்டும் மிச்சமிருந்தது. சாவடி முன்னால் ஆம்பிளைகள் வரிசையாக நின்றார்கள். ஏட்டு பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை நல்லகாமன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். செல்லத்தாய் அரைத்த மசால் கையோடு அங்கே வந்து நின்றிருந்தாள்.

போலீஸ் துரையின் காரைப் பார்த்ததும் வரிசை மொத்தமும் விறைத்தது. ஏட்டு சலாம் வைத்தார். கதவு திறந்தது. முதலில் துரை இறங்கினார். அவர் பின்னால், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, நல்லகாமன் இறங்கினான். முசேயும் இறங்கி, ஊர் பார்க்க, அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

துரை எல்லார் காதிலும் விழும்படி தமிழில் சொன்னார்: "இவன் என்னுடைய ஆள். இன்றைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான். இனிமேல் இவன் பெயரைக் கூப்பிட வேண்டாம்."

கார் திரும்பிப் போனது. புழுதி அடங்கியது. வரிசையில் முன்னால் நின்ற முத்திருளன், நல்லகாமனுக்குப் பங்காளி முறை, மூக்கைச் சுளித்துச் சொன்னான்: "வெள்ளக்காரன் சாராயம் மணக்குதுண்ணே."

"டேய், நான் சொல்றதக் கேளு..."

"என்னத்தக் கேக்க? தொரை ஆளுட்ட நான் என்ன பேச?"

அன்றைக்கு அவன் தன் வீட்டில் படுத்தான். கல்யாணமான முதல் வாரத்துக்கு அப்புறம், இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. செல்லத்தாய் பாயை விரித்துவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக உட்கார்ந்திருந்தாள். நடந்ததை எல்லாம் அவன் சொன்னான். "எப்பிடியோ, சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்றாள்.

அந்தச் சந்தோஷம் கிணற்றடி வரைக்கும்தான் போயிற்று. மறுநாள் அவள் குடத்தோடு போனதும் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்கு முன்னால் இருந்தவள் வாளியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் முத்திருளன், பஞ்சுப் பொதி ஏற்றுகிற கூலிக்காகச் சொல்லாமல் விருதுநகர் போனவன், போன இடத்தில் பிடிபட்டான். துப்பு யார் கொடுத்தது என்று ஊர் யோசிக்கவே இல்லை. அவன் தாயார் நல்லகாமன் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஒரு வெள்ளக்காரன் சும்மா கூப்புட்டு மேசையில வச்சுச் சோறு போட்டானாம்ல! எவன்டா நம்புவான்?"

நல்லகாமனுக்கே அது நம்பக்கூடியதாகத் தெரியவில்லை.

மதாம் அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அவன் வந்த பிறகும் போகும் முன்னும் உள்ளறையில் கரண்டிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். முசே கப்பலேறிவிட்டார். ஒரு நாள் மதாம், "இனிமேல் உனக்குத்தான் தடை இல்லையே. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நில்லேன்" என்று கேட்டாள்.

அவன் துடைத்த கிளாஸை வரிசையில் வைத்தான். "இல்லை, மதாம். வழக்கம்போலவே போகிறேன்" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மூலையில் சுருட்டிக் கிடந்த தன் பழைய கம்பளியை எடுத்தான். செல்லத்தாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"எங்க?"

"சாவடிக்குப் போறேன்."

"உன் பேருதான் இல்லையே."

"இல்லாட்டி என்ன?"

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? அவனவன் எப்படா விடுவாங்கன்னு கெடக்கான். ஒனக்கு விட்டுருக்கு. பொண்டாட்டி கூட ஒரு வீட்டுல படுக்க ஒனக்குக் கசக்குதா?"

"கசக்குமா புள்ள? நீ தண்ணிக்குப் போயிட்டு வந்து தெனம் சேலையில மூஞ்சியத் தொடைக்கிறியே, நான் பாக்கலன்னு நெனச்சியா?"

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், குளிருக்குத் தலையில் கட்டுகிற துண்டை எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள். "போ" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு எம்புட்டுக் கஷ்டமாக இருந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

சாவடியில் ஏட்டு பெயர் கூப்பிட்டு முடித்து, தலைகளை எண்ணினார். ஒன்று அதிகமாக வந்தது. மறுபடி எண்ணினார். அப்புறம்தான் கடைசியில் நின்றவனைப் பார்த்தார்.

"நீ எதுக்கு வந்த?"

"படுக்கங்கய்யா."

"ஒனக்குத்தான் விலக்கு இருக்கே. தொரைக்குத் தெரிஞ்சா என்னயவில்ல கேப்பாரு?"

"வரக் கூடாதுன்னு தொரை சொல்லலங்கய்யா. பேரக் கூப்புட வேணாமுன்னுதான் சொன்னாரு. நீங்க கூப்புட வேணாம்."

ஏட்டு தலையைச் சொறிந்தார். வரச் சொல்லி அடிப்பதற்கு அவருக்குச் சட்டம் தெரியும். வந்தவனை விரட்டச் சட்டம் இல்லை. "எப்பிடியோ கெட" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யாரும் இடம் விடவில்லை. வாசல்படிக்கு வெளியே, பனியில், கம்பளியை விரித்துப் படுத்தான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். தை பிறந்தது. மதாம் கடைக்குப் போவான், மீனுக்கு வெள்ளையும் கறிக்குச் சிவப்புமாக ஊற்றுவான், வெயில் உள்ளே கால் வைத்ததும் கிளம்பி வந்து வாசல்படியில் படுப்பான். வீட்டில் செல்லத்தாய் தனியாகப் படுத்தாள். கிணற்றடியில் ஒருத்தி மட்டும் அவளிடம், "கொழம்பு என்னக்கா வச்ச?" என்று கேட்டாளாம்.

மாசிக்கு முன்னால் முத்திருளன் ஜெயிலிலிருந்து வந்தான். இளைத்திருந்தான். துப்புக் கொடுத்தது விருதுநகர்ப் பஞ்சுக் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளை என்று அங்கே கோர்ட்டில் தெரிந்துகொண்டு வந்திருந்தான். அதைச் சாவடியில் எல்லாருக்கும் சொன்னானோ என்னவோ, நல்லகாமனிடம் நேரில் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் கூப்பிட்டு முடிந்ததும், வாசல்படியில் கம்பளியை விரிக்கக் குனிந்தவனைப் பார்த்து, "உள்ளாற வாண்ணே. பனி கொட்டுது" என்று தன் பாயை ஓரமாக இழுத்துக்கொண்டான்.

நல்லகாமன் உள்ளே போய்ப் படுத்தான். இரண்டு பக்கமும் உடம்புகள் நெருக்கின. வியர்வை, புகையிலை, மாட்டுச்சாணி வாடை. புரள இடமில்லை. கூரைக்கு வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"ஏண்ணே" என்றான் முத்திருளன், கூரையைப் பார்த்தபடி. "அந்த வைனு வைனுன்னு சொல்றாகளே. கறிக்கு ஒண்ணு, மீனுக்கு ஒண்ணாமுல்ல. அன்னைக்கு எல்லாத்தையும் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எப்பிடி இருந்துச்சு?"

பக்கத்தில் படுத்திருந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது தெரிந்தது. நல்லகாமன் யோசித்துப் பார்த்தான். நிறம் நினைவிருந்தது. கிளாஸின் வழவழப்பு நினைவிருந்தது. ருசி ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"தெரியலடா. நான் பொழுதத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இருட்டுகிற மூலையிலிருந்து யாரோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அவன் சிரிக்கவும் அடுத்தவன் சிரித்தான். வரிசையாகச் சிரிப்பு நகர்ந்து வந்து முத்திருளனைத் தொட்டது; அவன் வயிறு குலுங்கினது நல்லகாமனின் விலாவில் இடித்தது. வெளியே ஏட்டு தடியால் தூணில் தட்டி, "எவன்டா அவன் உள்ள?" என்று கத்தினார்.